ஜெயந்தி, உன் கயிற்றை வெட்டிவிட்டோம்

என் உயிர்த் தோழி ஜெயந்திக்கு,

இதை எழுத உட்கார்ந்த நாளெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி எழுந்துவிட்டேன். கிளினிக்கில் கூட்டம், கரண்ட் இல்லை, தலைவலி. உண்மை என்னவென்றால், உன் முகத்தை நினைத்துக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் நிவேதா நன்றாக இருக்கிறாள். காலேஜில் இரண்டாம் வருஷம். உன்னைப் போலவே தயிர்சாதத்துக்கு மிக்சர் தொட்டுக்கொள்கிறாள். உன் வீட்டுக்காரர் சமைக்கப் பழகிவிட்டார், ரசம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. ஸ்ரீரங்கம் பக்கம் போனால் ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லி நீட்டுகிறார். நானும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமல் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. நாம் கயிறு கட்டி ஏறும் புதுக்கோட்டை ரோட்டுப் பாறைக்கு மாதக்கணக்கில் யாரும் போகவில்லை. கடைசியில் பஷீர் பாய்தான் போன் செய்தார். "டாக்டரம்மா, பாறை அங்கேயேதான் இருக்கு. நாமதான் போகல. வாங்க."

அவரை உனக்குச் சொல்லவா வேண்டும்? மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு, முதல் நாள் பைக் ஹெல்மெட்டோடு பாறை ஏற வந்த மனிதர். நீ சிரித்த சிரிப்பில் அடுத்த வாரமே சரியான ஹெல்மெட் வாங்கிவிட்டார். இப்போது பேன்ட் துணி வெட்டியதில் மிஞ்சியதை வைத்து எங்கள் எல்லோருக்கும், ஏறும்போது கை வழுக்காமல் பூசிக்கொள்ளும் சாக்பவுடருக்குப் பை தைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்தது கல்யாண மாப்பிள்ளை கோட்டுத் துணி, ஜரிகையோடு.

டீக்கடைப் பேச்சும் பழையபடிதான். ஷூ காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும், ஒரு சைஸ் சின்னதாகத்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. வலிக்கிற காலோடு எவனும் யோசித்து ஏற முடியாது என்பது உன் கட்சி. நீ இல்லாததால் உன் கட்சிக்கு நான்தான் வாதாடுகிறேன். பெரும்பாலும் தோற்றுப்போகிறேன்.

நிவேதா எங்களோடு வர ஆரம்பித்தது இந்தக் கோடையில். இரண்டு மூன்று வாரம் பஷீர் பாயின் கயிற்றில் ஏறினாள். பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, அம்மா கயிறு வீட்லதானே இருக்கு? அதுல ஒரு தடவை ஏறட்டுமா?"

இல்லை என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

உன் பையை எடுத்துக் கொடுத்தவர் உன் வீட்டுக்காரர். மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டர் பேட்டரியை ஒட்டி வைத்திருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பத்திரமான இடம் என்று நினைத்திருக்கிறார். பையின் அடிப்பக்கம் ஓர் இடத்தில் சாயம் போய் வெளுத்திருந்தது. அதை நான் பார்த்தேன். ஜெயந்தி, பார்த்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாறை ஏறும் கயிறு பேட்டரி ஆசிட் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தாலே போதும், யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே இற்றுப்போயிருக்கும். இது நமக்கெல்லாம் அரிச்சுவடி. கிளினிக்கில் ஒருவருக்குப் பிரித்த ஊசியை இன்னொருவருக்குப் போடாத நான், உன் கயிற்றைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டேன்.

முழுக் கயிற்றையும் விரலால் தடவிப் பார்க்கத்தான் ஆரம்பித்தேன். பக்கத்தில் நிவேதா கயிற்றை முகத்தோடு வைத்துக்கொண்டு, "அம்மா வாசனை வருது சித்தி" என்றாள். என் கை நின்றுவிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சுருட்டிப் பையில் வைத்தேன். வெளுத்த இடத்தைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை, பஷீர் பாயிடமும் சொல்லவில்லை. உன்னில் மிச்சம் இருப்பதை நானே குப்பையில் போடுவதா என்று தோன்றியது. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பாறையடியில் எல்லோரும் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். "இதுலதானே ஜெயந்திம்மா மழையில தொங்கிக்கிட்டு எங்கள எல்லாம் திட்டுனாங்க" என்றார் பஷீர் பாய். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகவே நிவேதா ஏற ஆரம்பித்தாள்.

மேலே கொக்கியில் மாட்டி இறங்கி வரும் கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுபக்கம் கீழே என் கையில். அவள் ஏற ஏற நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். நாம் எப்போதும் மூச்சு வாங்க நிற்கும் அந்தச் சின்னத் திட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, என் உள்ளங்கையில் ஏதோ சொரசொரவென்று உரசியது. பார்த்தேன். கயிற்றின் மேல் நூல் வெளுத்து, விரல் பட்டதும் உமி மாதிரி உதிர்ந்தது.

"சித்தி, கயித்த டைட் பண்ணுங்க. கயித்துல தொங்கி கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று மேலிருந்து குரல்.

"உக்காராத!" என்று கத்தினேன். "உக்காராத நிவி! பாறையப் பிடிச்சுக்க!"

என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பஷீர் பாய் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்க வழியாக ஓடினார். அந்த உடம்போடு அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கீழே நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசினேன். வேறு என்ன செய்ய முடியும்? "வலது கால நல்லா ஊனிக்க. மூச்சு விடு. பாய் மேல வந்துட்டு இருக்காரு." "என்னாச்சு சித்தி? சொல்லுங்க" என்றாள். கயிற்றில் கோளாறு என்று மட்டும் சொன்னேன். உன் பெயரை நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். உன்னைக் கூப்பிட எனக்கு என்ன உரிமை?

பாய் உச்சியிலிருந்து தன் கயிற்றைக் கொக்கியோடு இறக்கினார். முதல் தடவை அது அவள் கைக்கு எட்டவில்லை, காற்றில் விலகிப் போனது. இரண்டாவது தடவை ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எட்டிப் பிடித்து இடுப்பில் மாட்டினாள். மாட்டிய சத்தம் கீழே எனக்குக் கேட்டது. பாய் பத்திரமாக இறக்கிவிட்டார். தரையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பாய் இறங்கி வந்து கத்தியை எடுத்தார். வெளுத்த இடத்தில் கயிற்றை வெட்டி, உள் இழை ஒன்றைப் பிரித்து இரண்டு கையால் இழுத்தார். தையல் நூல் மாதிரி அறுந்தது.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான், "பழசாயிடுச்சு போல" என்றேன். ஆமாம் ஜெயந்தி, அந்த நேரத்திலும் அப்படிச் சொன்னேன். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே சித்தி அம்மா கயிறு வேணும்னு அடம் பிடிச்சேன். நீங்க அழாதீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். பேட்டரி, வெளுத்த பை, பாதியில் நிறுத்திய கை, எல்லாம். பஷீர் பாய் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். வீட்டுக்குப் போய் உன் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் மாடிப்படிக்கு அடியில் பார்த்தார். "அப்ப நான் வச்ச இடத்தாலயா?" என்று கேட்டார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

"இல்லண்ணா. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குடுத்தேன்."

அவர் உள்ளே போனார். இனி இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், சொன்னால் நியாயம்தான் என்றும் நினைத்தேன். உன் ஹெல்மெட், ஷூ, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "எது ஆகும், எது ஆகாதுன்னு பிரிச்சுக் குடும்மா. அவ ஏறாம இருக்க மாட்டா. நீதான் கூட இருக்கணும்."

என்னைத் திட்டியிருக்கலாம் இல்லையா? நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருக்கிறது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? மன்னித்திருப்பாயா? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் அள்ளி வந்ததிலும் ஆசிட் பட்டிருக்குமோ என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நிவேதா புதுக் கயிறு வாங்கியிருக்கிறாள், உனக்குப் பிடிக்காத ஆரஞ்சு நிறம். ஏறுவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டிப் பார்க்கிறாள். போன வாரம், "நான் இப்பதான் பார்த்தேன்டி, சரியா இருக்கு" என்றேன். அவள் தலையைத் தூக்காமல், "பரவால்ல சித்தி, நானும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றாள்.

சுருக்கென்றது. ஆனால் அவள் செய்தது சரி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, டீக்கடையிலிருந்து பாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அசையாமல் நின்றேன்.

உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான், ஜெயந்தி. அவள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். என் வார்த்தையை நம்பச் சொல்லி இனி ஒருநாளும் அவளை அவசரப்படுத்த மாட்டேன்.

தலைகுனிந்து,
உன் மகளுக்கு இன்னும் சித்தியாக இருக்கும்
சுமதி