சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கேட்டது

அத்தை,

போன வாரம் பேத்தி என்னைச் சிங்கப்பூரில் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏற்றினாள். அந்தப் பாதை தோண்டிய இன்ஜினியர்களில் அவளும் ஒருத்தி. பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணுக்கும் அதைத் தமிழிலேயே சொன்னேன். வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் என் கை தானாக ஜன்னலை மூடப் போனது. "அம்மாச்சி, அது தொறக்கவே தொறக்காது" என்று பேத்தி சிரித்தாள். எனக்கோ கரிப்புகை மணம் மூக்கில் ஏறிவிட்டது.

இலங்கையில் கல்யாணம் முடிந்து, கரி ரயிலில் றொசல்லையிலிருந்து தலவாக்கலைக்கு நீங்கள் என்னைக் கூட்டிப்போன நாள். மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்க உங்கள் சனம். நான் உங்கள் பக்கத்தில் தலை குனிந்து இருந்தேன். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மாவுக்கு மூச்சிளைப்பு, தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். வேலைக்குப் பேர் பதிந்தவர்களுக்குத்தானே லயத்து வரிசையில் காம்பரா என்று ஓர் அறை? என் பேரில்தான் அது இருந்தது. நான் போய்விட்டால் அம்மா காலி பண்ண வேண்டும். புதுப்பெண் இதை யாரிடம் சொல்ல?

அட்டன் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. ஜன்னல்களைப் படபடவென்று மூடினார்கள். விளக்கில்லாத பெட்டி. பையன்கள் 'ஹூ' என்று கத்தினார்கள். என் முகம் தெரியாது என்ற தைரியத்தில் உங்கள் காதோரம் கேட்டேன்:

"அத்தை, எங்கம்மாவக் காம்பராவ விட்டு எழுப்பிருவாங்க. அவுங்க எங்க போவாங்க?"

அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. ஏன்தான் கேட்டோமோ என்று இருந்தது எனக்கு. நீங்கள் ஜன்னலைத் திறந்து வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, எதிரே இருந்த உங்கள் மகனிடம் பெட்டிக்கே கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்:

"தம்பி, நீங்கள்லாம் வேலைக்குப் போயிட்டா எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. வர்ற ஞாயித்துக்கெழம போயி சம்பந்தியம்மாவக் கூட்டிக்கிட்டு வந்திரு."

உங்கள் நாத்தனார் சும்மா விடுவாரா? "ஏன் மதினி, சம்பந்தியவே சீதனமா வாங்குறீங்களா?"

"ஆமாடி. நானே கேட்டு வாங்குறேன். ஒனக்கு வேணும்னா நீயும் ஒண்ணு கேட்டு வாங்கிக்க!"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மா நம் காம்பராவில் அடுப்போரம் பாய் போட்டு, உங்களோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு, கடைசிவரை இருந்தார். சம்பந்திதான் ஆசைப்பட்டு அழைத்தாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். கேட்டது நான் என்று அவருக்கும் தெரியாது, உங்கள் மகனுக்கும் தெரியாது. என்னிடம்கூட நீங்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது என் மருமகள்கள் அடுப்படியில் தயங்கித் தயங்கிக் கேட்பதை, மகன்கள் முன்னால் என் ஆசை என்று சொல்லி நடத்தி வைக்கிறேன். "வயசான காலத்துல அம்மாவுக்கு வர்ற ஆசையப் பாரு" என்கிறார்கள். கேட்டவள் அந்நேரம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவளைப் பார்ப்பதில்லை, அத்தை.