விரித்த கை

பாலையூற்று,
திருகோணமலை.
24.11.1961

அன்புள்ள மச்சான் சோமசேகரத்துக்கு,

நலம் என்று எழுதித் தொடங்கக் கை வரவில்லை. உங்கள் தந்தி கிடைத்தது. என் தங்கச்சி பூரணி கடைசியில் உங்களைப் பற்றி ஏதும் சொன்னாளா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் தந்தியில் பதில் சொல்ல ஏலாது. இருந்து, ஆறுதலாக இதை வாசியுங்கள்.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். பதினைந்தாம் திகதி பின்னேரம் போய்விட்டாள். நீங்கள் வைக்க வேண்டிய கொள்ளியை மறுநாள் நான் வைத்தேன். அன்றைக்கு முழுக்க அடை மழை. எங்களோடு டொக்யாட் ஸ்டோரில் வேலை செய்த ஸஹாப்தீன் எங்கிருந்தோ காய்ந்த விறகு கொண்டுவந்து இறக்கினான். அவனும் அழுதான்.

உங்கள் மகள் இரத்தினேஸ்வரி சுகம். சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். அப்பா கப்பலில் போயிருக்கிறார் என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்கிறாள். அம்மாவைக் கேட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

இனி எழுதுவது நாலு வருசமாக என் நெஞ்சுக்குள் கிடப்பது. பாதி உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் நான் எங்கே பிழை விட்டேன் என்று விளங்கும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு கப்பல்படை டொக்யாட் புல்தரையில் கப்புக்குக் குண்டு உருட்டி விளையாடினோமே, அந்தக் கடைசிச் சுற்றை நினைத்துப் பாருங்கள். ஜாக் என்கிற அந்தச் சின்ன வெள்ளைக் குண்டுக்குப் பக்கத்தில் எங்கள் குண்டு இரண்டு கிடந்தது. மூன்றாவதையும் நீங்கள் அங்கேயே கொண்டுவந்து வைப்பீர்கள் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுமுனையில் நின்று யோசித்தது வேறு. எதிர்த்து விளையாடிய வெள்ளைக்காரனிடம் இன்னும் ஒரு குண்டு இருந்தது. அவனுக்கு வேறு வழியில்லை, பலமாக அடித்து ஜாக்கைப் பின்னுக்குத் தள்ளத்தான் பார்ப்பான். அது பின்னுக்குப் போனால் கிட்டக் கிடக்கிற இரண்டும் தூரமாகிவிடும். பின்னால் எங்களுடையது ஒன்று கிடக்க வேண்டும். நான் கையை விரித்து உயர்த்தினேன்.

ஊர் உலகத்தில் விரித்த கை என்றால் நில் என்று அர்த்தம். எதிராளி எங்கள் சைகையைப் பிடித்துவிடுகிறான் என்று நான்தான் அதைத் தலைகீழாக்கி வைத்தேன். விரித்த கைக்குத் தாண்டி விடு, பொத்திய கைக்கு நில். எவ்வளவு பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு எனக்கு.

நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒருக்கால் தலையை ஆட்டிவிட்டு இரண்டு யார் தூரம் தாண்டி விட்டீர்கள். சனம் சிரித்தது. வெள்ளைக்காரன் அடித்தான். ஜாக் உருண்டு போய் உங்கள் குண்டோடு ஒட்டி நின்றது. கப் எங்களுக்கு. இனி உங்கட கையைப் பாத்துத்தான் நான் எதையும் செய்வன் எண்டு அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியாத புளுகம்.

அடுத்த வருசம் இங்கிலீஷ்காரர் டொக்யாட்டை விட்டுப் போனார்கள். உங்களுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்தது. போவதா விடுவதா என்று உங்களுக்கு இரண்டு மனம். நாளைக்கு ஜெட்டிக்கு வாங்கோ, உங்களைப் பாத்திட்டுத்தான் ஏறுவன் எண்டு என்னிடம் சொன்னீர்கள்.

மறுநாள் காலை நீங்கள் பெட்டியோடு வெளிக்கிட்ட பிறகுதான் பூரணி என்னிடம் சொன்னாள், வயிற்றில் பிள்ளை என்று. மறிக்கிறதுக்காகச் சொல்லுறன் எண்டு நினைப்பார், அதாலை அவருக்குச் சொல்லேல்லை, இப்ப மனம் கேக்குதில்லை, ஓடிப்போய் நிப்பாட்டுங்கோ அண்ணா எண்டு அழுதாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஜெட்டியில் கயிறு கட்டி ஆட்களை மறித்திருந்தார்கள். கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற லோஞ்ச் இரைகிற இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஒரு கால் படியில், ஒரு கால் லோஞ்சில் வைத்தபடி நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். முப்பது யார் தூரம் இருக்கும், புல்தரையின் நீளம்தான். நான் கையை விரித்து உயர்த்தினேன்.

நீங்கள் ஒருக்கால் தலையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நிற்கச் சொன்னேன், கண்டார், தலையாட்டிவிட்டு ஏறிவிட்டார் என்று வீட்டில் சொன்னேன். பூரணி எழும்பிக் குசினிக்குள் போனாள்.

மூன்று கிழமையில் உங்கள் முதல் கடிதம் வந்தது. தாண்டி விடச் சொன்னீர்கள், யோசிக்காமல் ஏறிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். தபால் கந்தோர்ப் படியிலேயே இருந்துவிட்டேன். அதை அன்றைக்கே அவளிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. பிழையான கை காட்டியவன் நான் என்று சொல்ல எனக்கு வெட்கம். பிள்ளை பிறக்கட்டும் என்று விட்டேன். பிறந்ததை உங்களுக்கு எழுதினேன், அவளிடம் இதைச் சொல்ல மட்டும் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டேன். அவளுக்கென்று நீங்கள் எழுதிய கடிதங்களை அவள் உடைக்காமல் அலுமாரியில் போட்டாள். ஒரு வரி எழுதுகிறாள் இல்லையே, நான் என்ன குற்றம் செய்தேன் என்று என்னிடம் கேட்டீர்கள். போன வருசம் லீவில் வரவா என்றும் கேட்டீர்கள். அவள் மனம் ஆறட்டும் என்று நான்தான் மறித்தேன். என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம், மச்சான். வேறொன்றுமில்லை.

பதினைந்தாம் திகதி மத்தியானம் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அந்தக் கையைக் காட்டுங்கோ பாப்பம் எண்டாள். காட்டினேன். கனநேரம் பார்த்தாள். சனியன் பிடிச்ச விளையாட்டு எண்டு சொல்லிச் சிரித்தாள். பிறகு, அப்ப அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை என்ன அண்ணா எண்டு கேட்டாள். இல்லை என்றேன். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னாள். பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றாக உடைத்து வாசித்தேன். நாலாவதில், நீங்கள் சந்தையில் குடை வாங்கி, அதை பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த கதை. அவள் கண் மூடியிருந்தது. நித்திரையாக்கும் என்று சத்தத்தைக் குறைத்துக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

மிச்சம் ஏழையும் நான் உடைக்கவில்லை. அவற்றை நீங்கள் வந்து உங்கள் மகளுக்கு வாசிக்க வேண்டும்.

டிசம்பர் பதினைந்து அவளுடைய முப்பத்தோராம் நாள் கிரியை. அதற்கு வர ஏலாவிட்டால் எப்போது ஏலுமோ அப்போது வாருங்கள். என் முகத்தில் முழிக்க விருப்பமில்லை என்றாலும் பிள்ளைக்காக வாருங்கள். ரயில் ஸ்டேஷனில் அவளோடு நிற்பேன். இரண்டு கையாலும் அவளைத் தூக்கி வைத்திருப்பேன், ஆனபடியால் கை காட்ட மாட்டேன். வாயால்தான் கூப்பிடுவேன்.

வாருங்கள்.

உங்கள் மச்சான்,
கனகசுந்தரம்