எண்ணுக்குப் பக்கத்துப் பெயர்

1997 ஜூலை 29, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் சொல்கிறேன்? இந்த நோட்டிடம் என்று வைத்துக்கொள்வோம். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்து உட்கார்ந்துகொள்கிறது, என்னைப் போலவே. எழுபத்திரண்டு வயதில் படிக்கக் கற்றவன் கை. இவ்வளவுக்கே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் எழுதியது நான். நானே!

ஜூலை 31

நூலகத்தில் சொல்லிக்கொடுக்கும் மிஸ் புரூயிட், அன்றன்று நடந்ததை எழுதச் சொல்கிறாள். என்ன நடந்தது? நூற்று நாற்பது மைல் வண்டி ஓட்டினேன். வெயிலில் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தேன். நூற்று நாற்பது மைல் திரும்பி வந்தேன். இடுப்பு என்னுடையது இல்லை போல இருக்கிறது.

வழியில் இருந்த பலகைகளையெல்லாம் படித்தேன். முப்பத்தொரு வருஷமாக ஒரு பாலத்தை ‘நீலப் பாலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு நீதிபதியின் பெயர் இருக்கிறது!

ஆகஸ்ட் 2

என் வேலையை எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் அது எவ்வளவு விசித்திரம் என்று தெரிகிறது.

பெரிய அணி பெரிய நகரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஐந்து சிற்றூர்களில் ஐந்து சின்ன அணிகள். இதை அலுவலகத்தில் ‘பண்ணை’ என்பார்கள். நூற்று முப்பது பையன்கள். எல்லோருக்கும் பெரிய மைதானத்துக்குப் போக ஆசை. நான் வசந்தம் முதல் ஊர் ஊராகப் போய் எல்லோரையும் பார்ப்பேன். ஆகஸ்ட் முடிவதற்குள் முப்பது பேரை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். இன்னும் இரண்டு பேர் இதே போல அனுப்புவார்கள். மூன்று பட்டியலில் ஒன்றிலும் பெயர் இல்லாத பையன்கள், ஏற்கெனவே இரண்டு வருஷம் முடித்தவர்களாக இருந்தால், செப்டம்பரில் கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நான் சொல்வேன், வெர்னா எழுதுவாள். ஐம்பது வருஷமாக என் மனைவி, முப்பத்தொரு வருஷமாக என் கை. எனக்கு எழுதத் தெரியாது என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. எண்கள் மட்டும் எனக்கு எப்போதும் தெரியும். ஒன்றிலிருந்து முப்பது வரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உறையை ஒட்டுவேன்.

இரண்டு வருஷமாக அவள் பார்வையின் நடுப்பகுதி கறுத்துக்கொண்டே வந்தது. போன வருஷப் பட்டியலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுதினாள். இந்த வருஷம் அதுவும் முடியவில்லை. “ஓரம் மட்டுந்தான் தெரியுது. நடுவுல உன் மூஞ்சி இல்ல. எனக்கொண்ணும் பெரிய நஷ்டமில்ல” என்கிறாள்.

ஆக, முதல் முறையாக நான் எழுதப் போகிறேன்.

ஆகஸ்ட் 5

நெல்வினைப் பற்றிச் சண்டை. எங்கள் ஊர் அணியில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவன். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவன், இருபத்து மூன்று வயது, இதே ஊரில் மூன்றாவது வருஷம். நூறு தடவை மட்டை பிடித்தால் இருபத்தொரு தடவைதான் அடி விழுகிறது. போதாததற்குக் கவனம் இல்லாதவன். கால் காப்பின் வார் மாதத்துக்கு ஒரு முறையாவது ஆட்டத்தின் நடுவே அவிழ்ந்துவிடும். எல்லோரும் நின்று காத்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக இதைக் குறையாகச் சொல்லி வருகிறேன்.

“நெல்வினை விட்டுடாதே” என்றாள் வெர்னா.

“உன் கண்ணுக்கு அவன் தெரியவே மாட்டானே.”

“போன வருஷம் தெரிஞ்சான்ல? அது போதும்.”

“முப்பதுல ஒரு இடம் அவனுக்குக் குடுத்தா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். உன்னைப் பார்த்து நான் ஐம்பது வருஷமா சிரிக்கலையா?”

பட்டியலில் இல்லாவிட்டால் அவனுக்குக் கடிதம் வரும். கடிதம் வந்தால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும். தெரியும். அதற்காக இல்லாத ஆட்டத்தை இருக்கிறது என்று எழுத முடியுமா?

ஆகஸ்ட் 9

இன்று எழுத்து இன்னும் கோணலாக இருக்கும். வயதால் இல்லை.

படித்துப் பழகலாம் என்று பழைய பட்டியல்களின் நகல்களை எடுத்தேன். பூட்ஸ் பெட்டியில் வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறாள். எவ்வளவு சந்தோஷமாக ஆரம்பித்தேன்! என் வாயிலிருந்து போன பெயர்கள், இப்போது என் கண்ணுக்கு வருகின்றன. 1966, 67... ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சின்னப் புள்ளி. பேனா பட்டதோ என்று நினைத்தேன். எல்லா வருஷமும் படுமா?

1978. எண் நான்கு. லெஸ்டர் டூலி. பக்கத்தில் புள்ளி.

நான் லெஸ்டரைச் சொல்லவே இல்லை. கால் மந்தம், வேண்டாம் என்று சொன்னேன். சமையலறையில் நின்று சொன்னேன், அடுப்பில் சோளம் வெந்துகொண்டிருந்தது. எண்கள் சரியாக இருந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பெயர் வேறு.

லெஸ்டர் பதினோரு வருஷம் பெரிய மைதானத்தில் ஆடினான். அவனுக்காகத்தான் எனக்கு அலுவலகம் கடிகாரம் கொடுத்தது. இப்போது சுவரில், தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பொறித்திருப்பதை இன்று நானே படித்தேன். ‘யாரும் காணாததைக் கண்ட கண்ணுக்கு.’

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசவில்லை. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வரியும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 11

கேட்டுவிட்டேன். “வெர்னா, அந்தப் புள்ளி எதுக்கு?”

ரேடியோவைக் குறைத்தாள். “படிச்சிட்டியா. இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு நினைச்சேன். அந்த புரூயிட் நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறா.”

“முப்பத்தொரு வருஷம் ஏமாத்தியிருக்க.”

“ஏமாத்தல. எழுதுகூலி. வருஷத்துக்கு ஒரே ஒரு பேரு என்னுது. மத்த இருபத்தொம்பதும் நீ சொன்னது சொன்னபடி.”

“லெஸ்டரோட கால் மந்தம்னு சொன்னேனே?”

“புது பூட்ஸ் கடிச்சு, குதிகால் ரெண்டும் ரத்தம். மாத்துப் பூட்ஸ் கேக்க வெட்கம் அவனுக்கு. அவன் பொண்டாட்டி என் பக்கத்துல உக்காந்து அழுதா. நீ எங்க இருந்த? உன்ன மாதிரி ஆள் பார்க்க வர்ற, தொப்பி போட்ட கிழவன்களோட நடுவுல உக்காந்து, ஓட்டத்த அளக்குற கடிகாரத்த அமுக்கிட்டிருந்த.”

“அலுவலகம் பரிசு குடுத்தப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“நீ கேட்டிருக்கலாமே. நாலாவது இடம் நீ குடுக்கலன்னு உனக்கு அன்னிக்கே தெரியாதா, ஆர்லோ?”

தெரியும். எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். தெரியும். கை குலுக்கினார்கள், குலுக்கினேன். அலுவலகத்தில் ஏதோ மாறிப்போயிற்று என்று முதல் வருஷம் நினைத்தேன். இரண்டாம் வருஷம் ‘அவன் மணிக்கட்டைப் பார்த்தேன்’ என்று கதை சொல்ல ஆரம்பித்தேன். பத்தாம் வருஷம் நிஜமாகவே பார்த்திருந்தேன்.

கோபத்தில் 1983-ஐ எடுத்துக் காட்டினேன். இரண்டாம் இடத்தில் அவள் புள்ளி வைத்த பையன், சர்ச்சில் நன்றாகப் பாடினான் என்பதற்காக. மூன்றே வாரத்தில் அம்மா ஞாபகம் வந்து ஓடிப்போனான்.

“ஆமா, அது தப்பு” என்றாள். “என் முப்பத்தொண்ணுல நாலு பேர் மேல போனாங்க. உன் தொள்ளாயிரத்துல பன்னெண்டு. நான் எண்ணி வெச்சிருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “இந்த வருஷம் கூலி வேண்டாம். பார்க்காம பேரு சொல்றது பாவம். நெல்வினைப் பத்திச் சொன்னதையும் விட்டுடு. முப்பதும் உன்னுது.”

இதுதான் எனக்கு வேண்டியதாக இருந்தது. பிறகு ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறது?

ஆகஸ்ட் 13

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இருபத்தைந்து பெயர் வரை வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

வெர்னாவை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வழக்கமான என் இடத்தில் உட்காரவில்லை. அது பந்து பிடிப்பவனின் முதுகுக்கு நேர் பின்னால். தொப்பிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவளோடு மைதானத்தின் பக்கவாட்டில், மூன்றாம் தளப் பக்கம், விளையாடுகிறவர்களின் மனைவிகள் உட்காரும் வரிசையில் உட்கார்ந்தேன். வேர்க்கடலைத் தோல் முழுக்க என் கால்சட்டையில்.

“சொல்லு, என்ன நடக்குது?”

“ரெண்டாவது பந்து. வேகம்...”

“வேகத்த யாரு கேட்டா? யாரு மூஞ்சி எப்படி இருக்கு?”

வீசிக்கொண்டிருந்தவன் கோல்ட்டன். பதினெட்டு வயது, பெரும் பணம் கொடுத்து எடுத்த பையன். எல்லாப் பட்டியலிலும் முதலிடம் அவனுக்குத்தான். நான்காவது சுற்றில் உடைந்துபோனான். வரிசையாக மூன்று அடி. காதெல்லாம் சிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த பந்தை யார் தலையிலாவது எறியப் போகிறான் என்று தோன்றியது.

அப்போது நெல்வினின் வார் அவிழ்ந்தது.

“திரும்ப வார்” என்றேன் எரிச்சலோடு.

“தானாவா?” என்று கேட்டாள் வெர்னா, கடலையை உடைத்துக்கொண்டே.

இந்த முறை நான் பார்த்திருந்தேன். மூன்று வருஷம் நான் பார்த்தது அவன் முதுகை. இந்தப் பக்கத்திலிருந்து காலின் முன்பக்கம் தெரிகிறது, கை தெரிகிறது. குந்தியிருந்தவன் கட்டை விரலால் கொக்கியைத் தட்டிவிட்டான். சுத்தமாக, ஒரே தட்டு. கையைத் தூக்கி நடுவரிடம் நேரம் கேட்டான். மண்டியிட்டு, மெதுவாக, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவன் போல வாரைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். கோல்ட்டன் அதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினான், தோள் இறங்கிற்று. நெல்வின் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டி முடித்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த மூன்று பேரும் மட்டையை வீசிவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

“என்னய்யா, சத்தத்தையே காணோம்?”

“தானா அவுழல” என்றேன்.

அவள் கடலையை நீட்டினாள். அவ்வளவுதான். வேறு யாராவது என்றால், நான் அப்பவே சொல்லலையா என்று கேட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 22

பட்டியல் முடிந்தது. எழுத மூன்று நாள் ஆயிற்று.

நெல்வினின் மட்டை இன்னும் அதே மட்டைதான். அதை மறைக்கவில்லை. யோசித்து இருபத்தேழில் வைத்தேன். அவனுக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு படி இறங்க வேண்டும். முப்பதாவதாக எழுதியிருந்த வேட் பர்ச்செல்லுக்கு இறங்கப் படி இல்லை. மைதானத்தில் முதல் தளத்தைக் காக்கும் இடதுகைப் பையன், இவனுக்கும் மூன்றாவது வருஷம்தான், நல்ல பிள்ளை. அவன் பெயரை அழித்தேன். அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்துவிட்டது. முப்பதையும் மறுபடி வேறு தாளில் எழுதினேன்.

வாயால் சொன்ன காலத்தில் பெயரை விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. சொல்லாமல் இருந்தால் போதும்.

இருபத்தேழுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கட்டுமா என்று கேட்டேன். “பார்த்தது யாரு?” என்றாள். வைக்கவில்லை.

ஆகஸ்ட் 26

பண்ணையைக் கவனிக்கும் விட்டேக்கர் தொலைபேசியில் கூப்பிட்டான். என் பாதி வயது.

“ஆர்லோ, பட்டியல் வந்துச்சு. யாரு எழுதினது, வீட்டுல சின்னப் பசங்க யாராவதா?”

“நான்.”

“வெர்னாம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?”

“கண்ணு.”

“அடடா... சரி, அது என்ன நெல்வின்? மத்த ரெண்டு பேர்கிட்டயும் அவன் பேரே இல்ல. போன வருஷம் வரைக்கும் நீங்களே அவன் வாரைப் பத்திக் குறை எழுதினீங்க.”

“குறையில்ல அது. தப்பா எழுதிட்டேன்.” நடந்ததைச் சொன்னேன்.

“ஒரு வாருக்காக ஒரு இடமா, பெரியவரே?”

“கோல்ட்டனுக்கு எவ்வளவு குடுத்தீங்க?”

“அது எதுக்கு இப்ப?”

“அவனை உடையாம வெச்சிருக்கிறது அந்த வார்தான். அவன எங்க அனுப்பினாலும் கூட அதையும் அனுப்புங்க.”

“பார்க்கலாம்” என்றான். முப்பத்தொரு வருஷத்தில் அலுவலகம் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பாதி தடவை ஒரு அர்த்தம். பாதி தடவை இன்னொன்று.

செப்டம்பர் 3

நேற்றோடு ஆட்டங்கள் முடிந்தன. இன்று கடிதம் கொடுக்கும் நாள். மைதானத்துக்குப் போனேன். வேட் பர்ச்செல் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குலுக்கினான்.

“இவ்வளவு நாள் வந்து எங்க ஆட்டத்தைப் பார்த்தீங்க. நன்றிங்க ஐயா.”

ஒரு மூட்டையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். கனமாக இருந்தது.

வெர்னாவிடம் சொன்னேன். “கடிதம் குடுக்கிற அன்னிக்கு நான் ஒரு வருஷமாவது மைதானத்துப் பக்கம் வந்திருக்கேனா?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷமும் வந்ததில்லை. தலைவலி என்பாள். அவள் ஒரு பெயரை ஏற்றிய ஒவ்வொரு வருஷமும் ஒரு பெயர் இறங்கியிருக்கிறது. அதற்கு அவள் புள்ளி வைக்கவில்லை. ஆனால் முப்பத்தொன்றையும் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நெல்வின் கண்ணில் படவில்லை. யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலையில் கதவைத் தட்டும் சத்தம். நெல்வின். ஒரு கையில் மேஜை விசிறி, இன்னொரு கையில் அடிப்பிடித்த சோற்றுப் பானை.

“அம்மா, இதை உங்க கராஜ்ல போட்டு வைக்கலாமா? ஊருக்குப் போறேன்.”

கடிதம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“எதுவரைக்கும்பா?” என்று கேட்டாள்.

“ஏப்ரல் வரைக்கும். கோல்ட்டன் மேல் அணிக்குப் போறான். என்னையும் கூடப் போகச் சொல்லிட்டாங்க. போற வழியில எடுத்துக்கறேன்.”

“பானையைத் தேய்ச்சியா?”

“தேய்ச்சேம்மா.”

“பொய். இங்க வரைக்கும் வாசனை வருது” என்று வாங்கிக்கொண்டாள்.

அவன் போன பிறகு கராஜில் விசிறிக்கு இடம் ஒதுக்கினேன். அவன் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதில் ஒட்டினேன். எழுத்து இந்தத் தடவை கொஞ்சம் நேராகவே வந்தது. பிறகு வேட்டின் பெயரை நோட்டின் பின்பக்கம் தனியாக எழுதி வைத்தேன். எங்காவது இருக்கட்டும்.

இன்றைக்குக் கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் வெர்னாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அங்கே மணிக்கணக்கில் காக்க வைப்பார்கள். இந்த நோட்டும் கூட வரும். மீதியை அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.