உன் பெட்டிக்குள்ளிருந்து நான் தட்டினேன்

தம்பி,

உன் கிட்டாரின் ஆம்ப் பெட்டி சூடாகும்போது தூசு கருகுகிற ஒரு வாசனை வருமே, இன்று மத்தியானம் அது அடுக்களைவரை வந்தது. நீ போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அறை. ஆய்ந்துகொண்டிருந்த நெத்திலியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

உன் மகள் ஜெனிட்டா தரையில் உட்கார்ந்து உன் பெடல்களுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். மிதித்தால் கிட்டாரின் சத்தத்தை மாற்றுகிற அந்தச் சின்ன டப்பாக்கள்தான். திருகுகளை நீ வைத்தபடியே விட்டிருந்தாள்.

"அப்பா கடைசியா வாசிச்சது கம்ப்யூட்டர்ல பச்சையாக் கெடக்கு அத்தை. வெறும் கம்பிச் சத்தம். அத இந்தப் பெடல் வழியா ஆம்புக்கு விட்டு, முன்னால மைக் வச்சு மறுபடி பிடிக்கணும். ஆண்டுப் பூசைக்குப் போடலாம்லா."

"செத்தவன எதுக்குட்டி வாசிக்க வைக்க?"

"அவிய வாசிச்சாச்சு அத்தை. சத்தம்தான் இனி வரணும்."

உன் நினைவுப் பூசைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். காரணம் உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்தபோது நீ துபாயிலிருந்து வரவில்லை. நீ ஊர் திரும்பி அடுத்த அறையில் இருந்தும், நான் உன்னோடு பேசவில்லை. கடைசியில் மூத்தவள் நானே இறங்கி வந்தேன். உன் கதவைத் தட்டி, அப்பா வள்ளத்தில் பாடும் அம்பாப் பாட்டை எடுத்தேன்: "கரை தெரியுதா மக்களே..." ஒருத்தர் எடுத்தால் மற்றவர் ஏலேலோ என்று பதில் பாட வேண்டும். சின்ன வயதில் நாம் சண்டை போட்டால் எதிரெதிரே உட்காரவைத்து அதைத்தானே பாடவைப்பார்! "வள்ளத்துல பகையாளி இருந்தாலும் அம்பாவுக்குப் பதில் சொல்லாம இருக்கப்படாதுலே" என்பார்.

நீ பதில் சொல்லவில்லை. உள்ளே எலி சுரண்டுவதுபோல் கம்பி ஏதோ சுரண்டியது, அவ்வளவுதான். திரும்பி நடந்தேன். அந்த மாதமே நீ போய்விட்டாய். உன் சவப்பெட்டிமுன் நின்றும் நான் அழவில்லை.

ஜெனிட்டா ஜன்னல், கதவு எல்லாம் அடைத்தாள். பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது. நீ வாசித்தாய். மாதா பாட்டுதான். உன் விரல் வழுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. சுவரில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தேன். கம்பி அசையவில்லை.

பாதியில் டொம், டொம், டொம்.

"யாரோ கதவத் தட்டுதாவ" என்று ஜெனிட்டா எழுந்துபோய்த் திறந்தாள். முற்றத்தில் வெயில் மட்டும் நின்றது.

"வெளிய இல்லட்டி. பெட்டிக்குள்ள இருந்துலா வந்துது."

திரும்ப ஓட்டினாள். கதவில் முதுகைச் சாய்த்து, கிட்டாரை வயிற்றோடு அணைத்துத்தான் நீ வாசிப்பாய். அன்றைக்கு நான் தட்டியது பலகை வழியாக உன் முதுகுக்கு ஏறி, அங்கிருந்து கம்பிக்குப் போயிருக்கிறது. நீ கேட்ட இடத்தில் இருந்து என் தட்டலை நான் கேட்டேன்.

"நான் பாடினது எங்க?"

"கிட்டாருக்குக் காது கெடையாதுல்லா அத்தை. குரலப் பிடிக்காது."

தட்டலுக்குப் பிறகு உன் கை கம்பியை அமுக்குகிறது. மௌனம். என் அடி பாடி முடிகிற அளவுக்கு மௌனம். அப்புறம் கம்பியில், எதிரொலியோடு, அறை முழுக்க: ஏலேலோ. ஏலேலோ.

ஜெனிட்டாதான் சொன்னாள்: "அப்பா ஒத்தக் காதுல ஹெட்போன் மாட்டுவாவல்லா. அவியளுக்குப் பெருசாக் கேட்டிருக்கும். வெளிய வெறும் கம்பி சுரண்டுத சத்தம்தான் வந்திருக்கும்."

ஆக, நீ பதில் சொல்லியும் நான் அடுத்த அடியை எடுக்காமல் போனேன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாய்.

உன் ஏலேலோவுக்குப் பின்னால் மறுபடி மௌனம். பெரிய மௌனம். நீ காத்திருக்கிறாய். ஆம்ப் மட்டும் இரைகிறது.

"இத வெட்டிரட்டா அத்தை?"

"வெட்டாத மக்கா. கெடக்கட்டும்."

பூசைக்குப் போவேன். ஆனாலும் கதவைத் திறக்காததை மன்னிக்கமாட்டேன். எழுந்து தாழ்ப்பாளை நீக்க உனக்கு என்ன நோவு? அடுத்த அடி என் நாக்கிலேயே நிற்கிறது. இன்று ஜெனிட்டா தண்ணீர் குடிக்கப் போன நேரம், அந்த மௌனத்துக்குள் அதை எடுக்க வாயைத் திறந்தேன். பெடலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

நான் எடுத்தால் நீ பதில் சொல்லியே ஆகவேண்டும், தம்பி. சொல்லிவிடுவாய்.