நான் விழுங்கிய வாக்கியம்

காற்று மாதம் 3

மணலவர் தூதரின் தண்ணீர்க் குடுவை காலியாக இருந்தது. பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை அதை வாயில் வைத்துச் சாய்த்தார். தொண்டை அசையவே இல்லை. யாரையும் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. கை, குடுவை, செருப்பு என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் கண்ணில் பட்டது. ஊருக்குத் தண்ணீர் கேட்டு வந்த மனிதர், தனக்குத் தாகம் என்று மட்டும் சொல்லமாட்டார் போல.

காற்று மாதம் 4

எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்கிறாள் அம்மா. சரி, என் வேலையை எழுதிப் பார்க்கிறேன்.

ஆற்றின் நடுவே, பாலத்தின் மேல் எங்கள் வீடு. கிழக்குக் கரை மரத்தவருடையது, மேற்குக் கரை மணலவருடையது. வீட்டுக்கு அடியில் ஒரு கல்சக்கரம். இடப்பக்கம் திருப்பினால் ஆறு மணலவரின் வாய்க்காலுக்குப் போகும், வலப்பக்கம் திருப்பினால் மரத்தவரின் காட்டுக்கு. எங்கள் குடும்பத்துக் கை பட்டால் மட்டுமே அது அசையும். இரண்டு கரை இரத்தமும் எங்களுக்குள் ஓடுவதால் என்கிறார்கள். அப்பா போன பிறகு மிச்சம் இருப்பது என் கை ஒன்றுதான். ஆகவே, ஆள்வது நான்.

ஆள்வது! இரண்டு கூட்டத்தாரும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். வீட்டின் கிழக்கு அறையில் மரத்தவர் தூதர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நடையில் பதினோரு அடி நடந்து, மேற்கு அறையில் இருக்கும் மணலவர் தூதரிடம் அப்படியே சொல்ல வேண்டும். திரும்பி வந்து அவர் சொன்னதை இவரிடம். நான் சொன்னால்தான் அது பேச்சு. நான் சொல்லாதது யாரும் சொல்லாதது.

வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கிடைத்த வேலையைப் பார்!

பதினாறு வயதுக்காரியை ‘நடுவம்மா’ என்கிறார்கள். முதல் நாள் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

காற்று மாதம் 6

மரத்தவர் தூதருக்கு நான் வைத்த பெயர் நெட்டையர். உட்கார்ந்தாலும் நிற்கிற மாதிரியே இருப்பார். இன்று ஒரு வழியாக இறங்கி வந்தார்.

“இருபது நாள் தண்ணி விடறோம்னு சொல்லுங்க. ஆனா வறட்சின்னு சொல்லி எங்க கரையில வந்து போட்டிருக்காங்களே நாப்பது கூடாரம், அதெல்லாம் அமாவாசைக்குள்ள போயிடணும். அன்னிக்கு ஒண்ணு நின்னாலும், உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்காம கொளுத்திடுவோம். இதையும் சேர்த்துச் சொல்லுங்க நடுவம்மா. ஒரு எழுத்து விடாம.”

பதினோரு அடியும் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். கதவைத் திறந்ததும் மணலவர் தூதர், அந்தப் பெரியவர், எழுந்து நின்றார்.

“இருபது நாள் தண்ணீர்,” என்றேன்.

அடுத்தது வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும் கண்ணு,” என்று அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவரிடம் எப்படிச் சொல்வது, கொளுத்துவார்களாம் என்று?

மத்தியானம் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினேன். மேற்கே இருந்து வெகுநேரம் கூச்சலும் சிரிப்பும் கேட்டன.

காற்று மாதம் 7

சொல்லவில்லை.

காற்று மாதம் 8

நாளைக்குச் சொல்லிவிடலாம் — எந்த முகத்தோடு?

ஜன்னலில் இருந்து கூடாரங்களை எண்ணினேன். நாற்பது. கூடாரத்துக்காரி ஒருத்தி அடுப்புக்குப் புதுக் கல் தேடி எடுத்துவந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பப் போகிறவள் செய்கிற வேலையா அது? அவளுக்கு எப்படித் தெரியும்! தெரியவேண்டியது என் வயிற்றுக்குள் இருக்கிறது.

காற்று மாதம் 9

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, தெருவுல போறவன் திட்டினாக்கூட வந்து வரி வரியா ஒப்பிப்பியே, இத மட்டும் முழுங்கிட்டியா?”

பிறகு மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அவளுக்கும் பயம்தான்.

“அப்பா இருந்தா என்ன பண்ணியிருப்பார்?” என்று கேட்டேன்.

“அவரு முழுங்கியே இருக்கமாட்டாரு. முழுங்கினவ நீ. நீதான் கக்கணும்.”

காற்று மாதம் 10

இரண்டு பேரையும் நடையில் கூப்பிட்டு நிறுத்தினேன். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. நெட்டையர் கூரையைப் பார்த்தார், பெரியவர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு முழுதும் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது.

“நாலு நாளா வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க?” என்று கத்தினார் நெட்டையர்.

பெரியவர் என்னிடம்தான் பேசினார். “அன்னிக்கு நீங்க சொல்லல. சொல்லாதது சொல்லாததுதான். ஒரு கூடாரமும் நகராதுன்னு சொல்லுங்க அவருகிட்ட.”

“அமாவாசை அமாவாசைதான்னு சொல்லுங்க இவருகிட்ட.”

ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார்கள்! இருந்தாலும் இந்தப் பக்கம் திரும்பி ஒன்று, அந்தப் பக்கம் திரும்பி ஒன்று, இரண்டையும் சொன்னேன். வேறென்ன செய்ய?

போகும்போது பெரியவர் மெதுவாக, “உன்ன நம்பினேன் கண்ணு,” என்றார். கத்தியிருக்கலாம் அவரும்.

காற்று மாதம் 11

முப்பத்து மூன்று.

காற்று மாதம் 12

பத்தொன்பது. ஒரு கூடாரமும் நகராதாம்! கேட்டால் காற்றில் பறந்துவிட்டது என்பார்கள். பறக்கட்டும். எல்லாம் பறந்துபோகட்டும்.

காற்று மாதம் 13

எட்டு. காலையில் ஏழு என்று எண்ணிவிட்டு, மரத்துக்குப் பின்னால் இருந்ததைப் பிறகு பார்த்தேன். ஜன்னலை விட்டு நகர முடியவில்லை.

காற்று மாதம் 14

ஒன்று.

ஏன் ஒன்று? யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. கடைசியில் சலவைக்காரி வந்து சொன்னாள். உள்ளே ஒரு பெண்ணுக்கு நேற்றுக் குழந்தை பிறந்திருக்கிறது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லையாம், கட்டிலோடுதான் தூக்க வேண்டும். அவள் புருஷனும் கொழுந்தனும் மட்டும் கூட இருக்கிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வரக் கூடாது என்று மரத்தவர் வழியை மறித்துவிட்டார்கள்.

கட்டிலுக்கு நான்கு மூலை. ஆட்கள் இரண்டு.

நான் செருப்பை மாட்டியதைப் பார்த்து அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். “நடுவம்மாவா உக்காந்தவ எந்தக் கரையில கால் வெச்சாலும் அந்தக் கரை ஆளாயிடுவா. அப்புறம் சக்கரம் உன் கைக்கு அசையுமோ அசையாதோ, யாரு கண்டா? ரெண்டு ஊரும் தண்ணியில்லாம சாகணுமா?”

செருப்பைக் கழற்றி வைத்தேன்.

காற்று மாதம் 15, அமாவாசை

காலையிலேயே ஆறு பேர் பந்தங்களோடு கரையில் வந்து நின்றார்கள். நடுவில் நெட்டையர். இன்னும் கொளுத்தவில்லை. கூடாரத்துக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் பாலம் வரை கேட்டது.

அம்மாவும் கேட்டாள். இன்று வாசலை மறிக்கவில்லை.

கிழக்குப் படிக்கட்டில் இருபத்திரண்டு படி. கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மண்ணில் கால் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மண் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

நெட்டையர் ஓடி வந்தார். “நடுவம்மா! கால் எங்க மண்ணுல இருக்கு.”

“தெரியும்.”

“இனிமே நீங்க எங்க ஆளு. தெரியுதா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் ஒரு மரு. இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

“அப்படின்னா உங்க ஆளு சொல்றேன். பந்தத்தக் கீழ வெச்சிட்டு வந்து கட்டிலப் பிடிங்க.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். நெட்டையர் சிரிக்கவில்லை. கூடாரத்தைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். இதை யாரிடம் போய்ச் சொல்லச் சொல்வது என்று தேடுகிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

“ஒரு மூலைக்கு நான் வரேன்,” என்றார் கடைசியில். “என் பசங்கள கூப்பிடாதீங்க.”

கூடாரத்தின் வாசலில் குனிந்து நுழைந்தார். உள்ளே அந்தப் பெண் பயத்தில் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். தலைமாட்டில் புருஷனும் கொழுந்தனும் நின்றார்கள். கால்மாட்டில் ஒரு மூலையை நெட்டையர் பிடித்தார். அவர் உயரத்துக்குக் கட்டில் சாய்ந்தது. “கொஞ்சம் குனிஞ்சு பிடிங்கண்ணே,” என்றான் கொழுந்தன். நேராக அவரிடமே சொன்னான். அவரும் குனிந்தார்.

நான்காவது மூலையை நான் பிடித்தேன்.