பாய்லர் பக்கத்தில் நிற்பவள்

நேற்றுக் காலை கடையில் ஒரு புது டீ பாய்லரின் மேல் ஒட்டியிருந்த நீலத் தாளை உரித்தேன். சர்ரென்று அந்தச் சத்தமும், பசையும் எவர்சில்வரும் கலந்த அந்த வாடையும் எழுந்ததுதான் தாமதம், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். "மெதுவா மதினி, கிழிச்சிறாதீங்க. மறுபடி ஒட்டணும்ல" என்று உன் குரல். கையை அப்படியே நிறுத்திவிட்டேன். கடைக்காரர் நான் விரலை அறுத்துக்கொண்டேன் என்று நினைத்து ஓடி வந்தார்.

அந்தத் தாளை முழுசாக உரிக்க நீ என்றைக்கும் விட்டதில்லை. வாங்குகிறவர் தன் கையால் உரித்தால்தான் நம் ஊரில் ஒரு சாமான் புதுசு. தாள் போன அடுப்பைப் பார்த்து, யாரோ ஆண்டதை என் தலையில் கட்டுறீங்களா என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆனால் தாளோடு படம் எடுத்தால் பாய்லர் நீலச் சாயத்தில் முக்கியது போல இருக்கும். அதனால் முன்பக்கம் மட்டும் உரிப்பாய். நான் படம் எடுத்ததும் பழைய துணியால் அழுத்தி அழுத்தி, ஒரு குமிழிகூட இல்லாமல் திரும்ப ஒட்டிவிடுவாய். வாங்கியவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. உரித்து எறியும்போது அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்து, நீ பில் மேசைக்குப் பின்னால் குனிந்து சிரிப்பாய்.

நீ அந்த ஓட்டல் சாமான் கடையில் பில் போடுகிறவள். நான் கல்யாணமாகி போடிக்கு வந்தபோது, கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வலைத்தள வேலையையும் கையோடு தூக்கி வந்தவள். எங்கள் ஏலக்காய்க் கடையின் மாடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். உன் முதலாளி தன் கடைக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்று கூப்பிட்டு, விவரமெல்லாம் உன்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நமக்குள் சொந்தமும் இல்லை, வயது வித்தியாசமும் இல்லை. ஆனாலும் முதல் நாளே மதினி என்றாய். ஏன் அக்கா என்று கூப்பிடக் கூடாதா என்றேன். "அக்கான்னா மரியாதை குடுக்கணும். மதினின்னா கேலி பண்ணலாம்" என்றாய். சொன்னபடி கடைசிவரை பண்ணினாய். பதிலுக்கு நானும் உன்னை மதினி என்றே கூப்பிட்டேன்.

நாம் முதலில் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நான் சாமான்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். சமைப்பவை, அரைப்பவை, குளிரவைப்பவை என்று. நீ பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். "யாரு மதினி வந்து அரைக்கிறது ஒண்ணு குடுன்னு கேக்குறா? பரோட்டா கடை போடப் போறேன், என்னென்ன வேணும்னுதான் கேப்பாங்க." அதைக் கேட்டு டீக்கடைக்கு, பரோட்டா கடைக்கு, மெஸ்ஸுக்கு, மண்டபத்துக்கு என்று மாற்றினேன். பதிலுக்கு நீ கேட்ட ஓடுகிற எழுத்தையும் மின்னுகிற சீரியல் பல்பு ஓரத்தையும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இது என்ன கடையா, கோயில் கொடைத் திருவிழாவா என்று நான் கேட்ட பிறகுதான் சிரித்தாய்.

அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டுத் தேனியில் ஒரு கடைக்காரர் கேட்டார். பிறகு பெரியகுளத்தில் ஒருவர். எல்லாரும் விற்பது ஒரே கம்பெனிச் சாமான், கடையின் பெயர்தான் வேறு. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து செய்ய எனக்கு அலுப்பாக இருந்தது. டெம்ப்ளேட் ஒன்று செய்துவிடலாம், பெயரும் நிறமும் முகவரியும் மாற்றினால் புதுக் கடை தயார் என்று உன்னிடம் விளக்கினேன். "முறுக்கு அச்சுன்னு சொல்லுங்க" என்றாய். கடை முடிந்து வந்து என்னோடு உட்கார்ந்தாய். கீழே ஏலக்காய் சலிக்கும் சத்தத்தில் நீயும் நானும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. உனக்கு ஒரே ஒரு கட்டளைதான். "ஒரு எடத்துல மாத்துனா எல்லாக் கடையிலயும் மாறணும் மதினி. ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருந்தா நமக்கு வேற சோலியே இருக்காது." அப்படியே செய்தேன். எல்லாக் கடைகளின் சாமான் படங்களும் ஒரே இடத்திலிருந்து போகும். இந்த ஒரு வசதியைப் பற்றி எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

பிறகு ராசிங்காபுரத்து இட்லி ஸ்டீமர் வந்து நம் பெருமையை இறக்கியது. மெஸ் நடத்துகிற ஒருவர் செல்போனில் படத்தைப் பார்த்து, வெள்ளைப் பின்னணியில் அது டிபன் கேரியர் அளவுக்குத் தெரியவே, கச்சிதமாக இருக்கிறதே என்று அனுப்பச் சொல்லிவிட்டார். அடியில் அளவு எழுதியிருந்தோம். அதை யார் படிக்கிறார்கள்? லோடு போய் இறங்கினால், ஸ்டீமர் வாசலுக்குள் நுழையவில்லை. வாசல் நிலையைப் பெயர்த்தால் உள்ளே போகும். பூசை போட்டு வைத்த நிலையில் கைவைக்க மாட்டேன் என்று அந்த மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். திருப்பி அனுப்பவும் மனசில்லை. கடைசியில் ஸ்டீமர் வெளியிலேயே தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. மெஸ்ஸே அதைச் சுற்றி வெளியே வந்துவிட்டது. நாம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, காற்றாட இருப்பதால் கூட்டம் கூடியிருக்கிறது என்று சொல்லி நமக்கே இட்லி போட்டார்.

மறுநாள் கடையில் நான் கேமராவைத் தூக்கியதும், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, போய் ஸ்டீமர் பக்கத்தில் நின்றாய். "இப்ப எடுங்க. ஆளு நின்னாத்தான் அளவு தெரியும்."

செருப்பை ஏன் கழற்றினாய் என்று கேட்டேன். அடுப்புக்கு முன்னால் செருப்போடு நிற்பதா என்று என்னை விநோதமாகப் பார்த்தாய். அதனால் அளவும் துல்லியமாக அமைந்துபோனது.

அதன் பிறகு எல்லாச் சாமானுக்கும் பக்கத்தில் நீதான். கிரைண்டர் உன் இடுப்புக்கு. பாய்லர் உன் தோளுக்கு. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நீ சின்னப் பிள்ளை போல இருப்பாய். டெம்ப்ளேட் வழியே நீ தேனிக்கும் பெரியகுளத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் போனாய். தேவாரம் ஊர் டீக்கடைக்காரர் ஒருவர் தேனிக் கடைக்குப் போன் போட்டு "அந்தக்கா இருக்காங்களா" என்று கேட்டு, இல்லை என்றதும் பெரியகுளத்துக் கடைக்குப் போட்டும் அதையே கேட்டிருக்கிறார். இரண்டு முதலாளிகளும் ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துவிட்டதாக முறைத்துக்கொண்டார்கள். நீ ஒருவரையும் சமாதானம் செய்யவில்லை. "நான் அளவுகோலுண்ணே. அளவுகோலு எல்லாக் கடையிலயும்தான் இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, இடுப்பில் சொருகிக்கொண்டாய்.

போனை இடுப்பில் சொருகும் அந்தப் பழக்கத்துக்காக அண்ணனிடம் எத்தனை திட்டு வாங்கியிருப்பாய். உன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். குரங்கணி மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவருக்கு ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே வண்டியை நிறுத்தி உன்னைக் கூப்பிடுவார். உன் போனோ சத்தமில்லாமல் சேலை மடிப்புக்குள் கிடக்கும். "அது நடுங்கும், எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுற மாதிரி இருக்கும், சிரிப்பு வரும், கஸ்டமர் முன்னாடி எப்படி எடுக்குறது" என்பாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து வலைத்தளத்தின் ஓரத்துக்கு வேண்டிய நிறத்தைச் சொல்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாய். நீ திரும்பி வரவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் தேனிக் கடைக்காரர் கூப்பிட்டார். நல்ல மனிதர், உன் வீட்டுக்கு வந்து கடைசிவரை இருந்தவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. புதுசாக் கடை தொறக்குறவன்தான் எங்கிட்ட வர்றான். அந்தப் புள்ள எறந்தது ஊருக்கே தெரியும். போய்ச் சேந்தவங்க படத்துக்கு மாலை போடலாம், அடுப்புக்குப் பக்கத்துல நிக்க வைக்கலாமா?" மற்றவர்களும் ஒவ்வொருவராக இதையே சொன்னார்கள். எடுக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவோம் என்று யாரும் சொல்லவில்லை. போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். உன் கட்டளை, நான் செய்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும், நீ ஒரு கடையிலும் இருக்க மாட்டாய். நான் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருவேன், எழுந்து போய் ஏலக்காய் மூட்டையை எண்ணுவது போலப் பாவனை செய்வேன், மறுபடி வந்து உட்காருவேன். உன் கட்டளை மேல் அப்படியொரு கோபம் வந்தது. ஒவ்வொரு கடையாகப் போய் நீக்கும்படி செய்திருந்தால், நீ கொஞ்சம் கொஞ்சமாகவாவது போயிருப்பாய்.

அண்ணன் மலையிலிருந்து ஏலக்காய் இறக்க வந்த அன்று அவரிடமே கேட்டுவிடுவது என்று மாடிக்குக் கூப்பிட்டேன். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் நீ யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்வாயாம். தலையிலிருந்து கால்வரை நீ முழுசாக நிற்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். "அந்த வளைவுல நிறுத்தி, கடை ஒவ்வொண்ணாத் தொறந்து பாப்பேன் தங்கச்சி. ஒரே ஆளுதான, ஆனா ஒவ்வொரு கடையிலயும் ஒரு மாதிரி நிக்கிறா" என்றார். கேட்டதும் நான் அழுதுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

அவர் அழவில்லை. துண்டால் கையில் படிந்த ஜீப்புத் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "படம் பூராத்தையும் எனக்குப் போன்ல ஏத்திக் குடுத்துருங்க. கடையில இருந்து எடுத்துருங்க, அவுக சொல்றதும் ஞாயம்தான். ஆனா அவ அங்க நின்னது தன்னக் காட்டவா, பாய்லரு ஒசரத்தக் காட்டத்தான? அந்தச் சோலிக்கு ஒரு வழி பண்ணிட்டு எடுங்க."

அவர் போன பிறகு உன் படங்களிலிருந்து ஒன்றை எடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். உன் ஓரத்தின் மேலேயே கோடு வரைந்துகொண்டு போனேன். கொண்டை, கொஞ்சம் சாய்ந்த இடது தோள், சொருகிய முந்தானை, வெறும் கால். முகம் இல்லை, சேலையின் நிறம் இல்லை, உள்ளே ஒரே சாம்பல் நிறம். உன்னை வரைய அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. முடிந்ததும் உன் படங்கள் இருந்த இடத்தில் அந்த உருவத்தை வைத்து, அழுத்தினேன். தேனியில், பெரியகுளத்தில், உத்தமபாளையத்தில், எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் நீ மாறினாய். போகவில்லை.

தேனிக் கடைக்காரருக்குத் திருப்தி. யாரோ வீட்டுப் பெண் நிற்கிற மாதிரி இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது என்றார். அண்ணன் அடுத்த நாள் அந்த வளைவிலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, இடுப்புல லேசாப் பொடச்சிக்கிட்டு இருக்கு, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. கோட்டின் மேல் கோடு போட்டதில் அதுவும் கூடவே வந்திருக்கிறது.

"போனுதான்" என்றார். "கழுத, இப்பவும் எடுக்க மாட்டா."

நேற்று உரித்த பாய்லர் கம்பம் ஊரில் ஒரு புதுக் கடைக்காரருக்காக. கடையின் பெயர், நிறம், எழுத்து என்று எதைக் கேட்டாலும் மாற்றித் தருகிறேன் என்றேன். அந்தச் சாம்பல் உருவத்துக்குப் பதிலாக உயரத் தொப்பி போட்ட சமையல்காரர் ஒருவரை வைக்க முடியுமா என்றார். அது மட்டும் முடியாது, அதுதான் அளவு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இது கம்பெனி புதிதாகச் செய்திருக்கும் பாய்லர், பழையதைவிட ஒரு முழம் உயரம். இதன் பக்கத்தில் நீ நின்றதில்லை. உன்னை எந்த அளவில் வைப்பது என்று ஒரு நிமிடம் குழம்பினேன். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நானே போய் நின்றேன். நாம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் உன் உச்சந்தலை என் காதுக்கு வரும். காது மட்டத்தில் விரலை வைத்து, அங்கே பாய்லரில் சின்னதாக ஒரு கோடு இழுத்துக்கொண்டேன். படம் எடுத்து முடித்து, கோட்டைத் துடைத்து, தாளைத் திரும்ப ஒட்டினேன். எவ்வளவு அழுத்தியும் குமிழி போகவில்லை. உன் கை எனக்கு வராது, மதினி. உன் உயரம் மட்டும் என் காதில் இருக்கிறது.