லைனில் போன நேரம்

என் பிரியமான சூசை அண்ணனுக்கு,

நேற்று மறுபடியும் செஸ் போட்டி நடந்தது. எண்ணூர் தொழிற்சாலை மன்றத்துக்காக நான், ராயபுரம் மாதா கோயில் மன்றத்துக்காக மரியதாஸ் அண்ணன். அவரவர் ஊரில் உட்கார்ந்து, வழக்கம்போல டெலிபோனில்தான் ஆடினோம்.

போன வருடம், ராயபுரம் மன்றத்து ஆளான நீ நடுவர். கடிகாரம் ராயபுரத்தில், உன் மேசையில் ஓடியது. நான் காயை நகர்த்திவிட்டாலும், லைன் கிடைத்து அது உன் காதில் விழும்வரை என் நேரம்தான் கரையும். அதனால் நீ ஒரு விதி கொண்டுவந்தாய். ஆடுபவர் பக்கத்தில் எதிரணி ஆள் ஒருவர் இருந்து, யோசித்த நேரத்தை மட்டும் குறிக்க வேண்டும். லைனில் போன நேரம் யார் கணக்கிலும் சேராது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டத்தில் என் குதிரை உன்னிடம் தாமதமாக வந்து சேர்ந்தது. மரியதாஸ் அண்ணன் கத்தியதை ரிசீவரில் கேட்டேன்.

"இன்னா சூசை, தங்கச்சிக்கு டைம் குடுக்குறியா?"

"லைன் கெடைக்காததுக்கு அவ இன்னாப்பா பண்ணுவா? அவ யோசிச்சி முடிச்சத நம்ம ஆளே பாத்துகினு கீறாரு."

நான் ஜெயித்தேன். கோப்பையை உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், சிரித்தாய். அதன்பிறகு உன் மன்றத்தில் உன்னோடு யாருமே பேசவில்லை என்பதை, மழைக்காலக் காய்ச்சலில் நீ போன பிறகுதான் அண்ணி சொன்னாள். என்னிடம் ஏன் மறைத்தாய்?

உன் விதியை இந்த வருடம் ராயபுரத்துக்காரர்களே வேண்டாம் என்று தள்ளினார்கள். கடிகாரம் எங்கள் பக்கம் இருந்தது. நேற்று லைன் அறுந்துபோய், மரியதாஸ் அண்ணனின் நகர்த்தல் வருவதற்குள் அவர் நேரம் தீர்ந்துவிட்டது. "ஜெயிச்சிட்டோம்!" என்று எங்கள் ஆட்கள் துள்ளினார்கள். அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது, அண்ணே.

ஆனால், லைன் திரும்பக் கிடைத்ததும், அவர் முன்பே யோசித்து முடித்துவிட்டார் என்று, போன வருடப் பழக்கத்தில் ராயபுரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆளே சொன்னார். லைன் நேரத்தைக் கழிக்கச் சொன்னேன். ஆட்டம் தொடர்ந்தது, தோற்றேன்.

போனில் மரியதாஸ் அண்ணன் குரல் உடைந்திருந்தது. "சூசை அன்னிக்கு கரீட்டாத்தாம்மா சொன்னான். நாங்கதான் அவன பேஜாரு பண்ட்டோம்."

நீ கேட்டிருக்க வேண்டிய வார்த்தையை நான் எப்படி வாங்கிக்கொள்வது? எனக்கு நியாயம் செய்து நீ தோஸ்துகளை இழந்தாய். இப்போது அவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்களைக் கல்லறைக்கு அழைத்து வருகிறேன். என்னிடம் சொன்னதை மரியதாஸ் அண்ணன் உன் முன்னால் சொல்லட்டும். சொல்லாமல் அவரை விடமாட்டேன்.

உன் சிரிப்பை நம்பிவிட்ட தங்கை,
ஸ்டெல்லா